உழவர்கள் பங்கு போட்டு ஓட்டிய கப்பல்கள்

பால்டிக் கடலில், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே, பாறையும் பைன் மரமுமாக 6,700-க்கு மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஆள் குடியிருப்பவை ஏறத்தாழ 60 மட்டுமே; எல்லாவற்றிலுமாகச் சேர்ந்து வாழும் மக்கள் சுமார் 30,000 பேர். ஓலந்துத் தீவுகள் எனப்படும் இந்தப் பகுதி பின்லாந்து நாட்டைச் சேர்ந்ததாயினும் இங்கே பேசப்படும் மொழி சுவீடியம். 1921-ல் பன்னாட்டுச் சங்கம் எடுத்த முடிவு இதன் தன்னாட்சியையும் மொழியுரிமையையும் உறுதி செய்தது. தீவுகளின் ஒரே நகரமான மரியஹாம்னின் மேற்குத் துறைமுகத்தில், 1954-ல் திறக்கப்பட்ட கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அதன் எதிரே, தனக்கென அமைக்கப்பட்ட துறையில் பொம்மெர்ன் என்னும் நான்கு பாய்மரக் கப்பல் நிற்கிறது. ஒரு சிறு நகரின் அளவே மக்கள்தொகை கொண்ட இந்தச் சமூகம், 1930-களில், உலகின் கடைசிப் பெரிய பாய்க்கப்பல் கூட்டத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதே அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

புயலிலும் வீரத்திலும் இதற்கு விடை தேடுவதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. தென்னமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையின் மலை போன்ற அலைகளும், பாய்மர உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களின் ஒளிப்படங்களும் பார்ப்பவரை எளிதில் ஆட்கொண்டுவிடுகின்றன. உண்மையான விடையோ கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பங்கு பிரித்துச் சொத்து சேர்ப்பது, பழையதை வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டுவது, எதையும் வீணாக்காமலிருப்பது ஆகிய உழவர் வீட்டுப் பழக்கங்களே இந்தத் தீவினரைக் கடலில் நிலைக்கச் செய்தன. அருங்காட்சியகம் இந்தச் செய்தியைச் சொல்லும் இடங்களே அதன் மிகச் சிறந்த பகுதிகள்.

தொடக்கம் மிகச் சிறியது. ஓலந்தின் மண் பாறைமேல் படிந்த மெல்லிய மண், வயல்கள் துண்டு துண்டானவை, குளிர்காலம் நீண்டது. ஒரு குடும்பம் வயலை மட்டும் நம்பி வாழ முடியாத நிலையில், மீனையும் விறகையும் தோணியில் ஏற்றி ஸ்டாக்ஹோமுக்கோ துர்க்கு நகருக்கோ கொண்டுபோய் விற்று, உப்பும் தானியமும் துணியும் வாங்கித் திரும்புவது பல நூற்றாண்டுப் பழக்கமாயிற்று. உழவரே மாலுமியாகவும் வணிகராகவும் இருந்த இம்முறையை வரலாற்றாசிரியர்கள் உழவர் கடலோட்டம் என்று குறிப்பிடுகின்றனர். இத்தோணிகளுள் சிலவற்றின் நடுவில் கடல்நீர் புகுந்து வெளியேறும்படி துளையிட்ட தொட்டி ஒன்று இருந்தது. பிடித்த மீன் நகரத்துச் சந்தைக்குப் போகும்வரை அதில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. பனிக்கட்டியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில் கண்ட அந்த ஏற்பாடு, பின்னாளில் வந்த எந்தப் பெரிய கப்பலின் பொறிக்கும் குறைந்த அறிவுடையது அன்று.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த இத்தீவுகளில் எழுப்பப்பட்டிருந்த பொமர்சுண்ட் கோட்டையை, கிரிமியப் போரின்போது, 1854-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தகர்த்தன. 1856-ல் பாரிசில் ஏற்பட்ட உடன்பாடு ஓலந்தில் படைகளோ கோட்டைகளோ இருக்கக் கூடாதென்று விதித்தது. அந்த விதி இன்றும் நடப்பில் உள்ளது. 1861-ல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் தம் மனைவி மரியாவின் பெயரால் மரியஹாம்னை நிறுவினார். 1868-ல் அங்கே மாலுமிக் கல்விக்கான பள்ளி வந்தது. இதே ஆண்டுகளில் ஊர்க்கரைகளில் கட்டப்பட்ட மரக்கப்பல்கள் பால்டிக் கடலைத் தாண்டி வட கடலுக்கும், அதையும் தாண்டி அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் போகத் தொடங்கின.

இக்கப்பல்களுக்கு உரிமையாளர் ஒருவர் அல்லர். ஒரு கப்பலின் உடைமை பல பங்குகளாகப் பிரிக்கப்பட்டது; ஒருவர் தம் காட்டு மரத்தைக் கொடுத்து ஒரு பங்கைப் பெற்றார், இன்னொருவர் குளிர்காலம் முழுவதும் தச்சுவேலை செய்து அரைப்பங்கைப் பெற்றார், மூன்றாமவர் பணமாகவே கொடுத்தார். கப்பலை ஓட்டப்போகும் தலைவரும் பெரும்பாலும் பங்காளியாகவே இருந்தார். பயணம் முடிந்ததும் செலவைக் கழித்து மீதியைப் பங்கின்படி பிரித்துக்கொண்டனர். பணக்கார உழவர் பல கப்பல்களில் சிறு சிறு பங்காக வைத்துக்கொண்டதால், ஒன்று மூழ்கினாலும் அவர் மூழ்கவில்லை. ஒரே கப்பலில் எல்லாவற்றையும் போட்டிருந்த ஏழைப் பங்காளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கப்பல் திரும்பாத ஆண்டில் ஓர் ஊர் தன் ஆண்மக்களையும் தன் சேமிப்பையும் ஒரே நாளில் இழந்தது என்பதையும் இம்முறையைப் புகழ்கிறவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலகக் கடல்வழிகள் மாறியது இத்தீவினருக்கு எதிர்பாராத வாய்ப்பாக அமைந்தது. 1869-ல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய் நீராவிக் கப்பல்களுக்கு ஆசியாவுக்கான வழியைக் குறுக்கியது. காற்றை நம்பிய கப்பல்களுக்குக் கால்வாயாலும் செங்கடலாலும் பயனில்லை. ஆகவே பிரிட்டனும் நார்வேயும் ஜெர்மனியும் படிப்படியாகத் தம் பாய்க்கப்பல்களைக் கழித்துவிட, அவை அடிமாட்டு விலைக்கு வந்தன. ஓலந்தினர் முதலில் மரக்கப்பல்களையும், பின்னர் இரும்புக் கப்பல்களையும், இறுதியில் எஃகுக் கப்பல்களையும் இரண்டாம் கையாக வாங்கினர். மற்றவர்கள் நட்டம் என்று கைவிட்ட தொழிலை அவர்கள் லாபமாக்கியது மந்திரத்தால் அன்று. கப்பலின் விலை பழைய இரும்பின் விலையளவுக்கு இறங்கிவிட்டபோது, தேய்மானம் என்ற செலவே கணக்கில் இல்லாமற் போயிற்று என்பதே காரணம்.

இந்தக் கணக்கை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் குஸ்தாஃப் எரிக்சன். லெம்லாந்து என்னும் ஊரில் 1872-ல் பிறந்து, சிறுவயதிலேயே கடலுக்குப் போய், சமையற்காரப் பையனாக இருந்து தலைவராக உயர்ந்து, பாய்மரத்திலிருந்து விழுந்து கால் ஊனமான பின்னும் கடலில் இருந்து, 1913-ல் கப்பல் முதலாளியானவர் அவர். 1920-களிலும் 1930-களிலும் கழிக்கப்படவிருந்த பெரிய பாய்க்கப்பல்களை ஒவ்வொன்றாக வாங்கி, உலகின் மிகப் பெரிய பாய்க்கப்பல் உடைமையாளரானார். கப்பல்களுக்கு அவர் காப்பீடு செய்யவில்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தவணைகளின் தொகை எப்போதாவது ஒரு கப்பலை இழப்பதைவிட மிகுதி என்று கண்டார். உடைக்கப்படும் கப்பலின் பருமல், கயிறு, நங்கூரம் எல்லாம் மற்றக் கப்பல்களுக்கு மாற்றுப் பொருளாயின. பருமல் என்பது பாய்மரத்தின் குறுக்கே கிடந்து பாயைத் தாங்கும் நீண்ட தண்டு. பாய்த்துணியையும் வண்ணத்தையும் சிக்கனமாகச் செலவிடும்படி கப்பல் தலைவர்களுக்கு அவர் ஓயாமல் கடிதம் எழுதினார். அவரைக் கருமி என்றவர்கள் பலர். ஆனால் அந்தக் கடிதங்களில் தெரிவது, ஒவ்வொரு கயிற்றின் நிலையையும் தாமே ஏறிப் பார்த்தறிந்த ஒரு மாலுமியின் கவலை.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் பாய்க்கப்பலுக்கு ஏற்ற சரக்கு ஒன்று வேண்டியிருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்பென்சர் வளைகுடாக் கரையில் விளைந்த கோதுமை அப்படிப்பட்ட சரக்காக வாய்த்தது. அது கெட்டுப்போகாது; அவசரமில்லாதது; ஆண்டுக்கு ஒரு முறை அறுவடையாகி ஐரோப்பாவில் சிறிது சிறிதாக விற்கப்படுவது. நூறு நாளுக்கு மேல் கடலில் இருக்கும் கப்பல், வாங்கியவருக்கு வாடகை கேட்காத கிடங்காகவும் பயன்பட்டது. கப்பல் புறப்படும்போது சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்காது. அயர்லாந்தின் குயின்ஸ்டவுனிலோ இங்கிலாந்தின் ஃபால்மத்திலோ நின்று உத்தரவு பெற்ற பிறகே அது இறங்குதுறைக்குப் போகும். வளைகுடாவின் சிறு துறைகளில் பெரிய துறைமுக வசதி எதுவும் இல்லை என்பதும் பாய்க்கப்பலுக்குச் சாதகமாயிற்று: கரையோரத்தில் நாள்கணக்கில் காத்திருக்கும் செலவை நிலக்கரி எரிக்கும் கப்பல் தாங்காது, காற்றால் ஓடும் கப்பல் தாங்கியது.

ஏற்றுமதி நடந்த விதம் நெருங்கிப் பார்க்கத் தக்கது. ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் பெரும்பாலும் சரக்கின்றியே போயின; வெறுங்கப்பல் காற்றில் கவிழாதிருக்க அடியில் மணலும் கல்லும் நிரப்பப்பட்டிருந்தன. வளைகுடாவின் துறைகளுள் ஒன்றான போர்ட் விக்டோரியாவில் நங்கூரமிட்டதும் மாலுமிகளே சரக்கறையில் இறங்கி, மண்வெட்டியால் அள்ளிக் கூடையில் நிரப்பி, அந்த அடிப்பாரத்தை வெளியேற்ற வேண்டும். முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் உயரமான பாய்மரங்களின் பாரத்தில் கப்பல் நிலைகுலையும். ஆகவே பாதி கொட்டி, கொஞ்சம் கோதுமை ஏற்றி, மீதியைக் கொட்டி, பிறகு முழுவதும் ஏற்றுவர். கோதுமை கரையிலிருந்து சிறு பாய்ப்படகுகளில் மூட்டைகளாக வந்தது. தானியத்தை அப்படியே கொட்டினால் கப்பல் சாயும்போது அது ஒரு பக்கமாக ஓடிக் குவிந்து கப்பலையே கவிழ்த்துவிடும் என்பதால் மூட்டை கட்டாயம். ஒரு மூட்டை சுமார் 80 கிலோ. பொம்மெர்ன் போன்ற ஒரு கப்பல் ஏறத்தாழ 4,000 டன் ஏற்றும் என்றால், 50,000-ஐ நெருங்கும் மூட்டைகள் ஒவ்வொன்றும் மனிதக் கைபட்டு அடுக்கப்பட்டன. இந்த வேலை சில வாரங்கள் நீடித்தது. கேப் ஹார்ன் புயலை எழுதியவர்கள் பலர். வெயிலில் மணல் அள்ளிய இந்த வாரங்களை எழுதியவர்கள் சிலரே.

ஏற்றிய கப்பல்கள் நியூசிலாந்துக்குத் தெற்கே மேற்குக் காற்றைப் பிடித்து, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக் பெருங்கடலில் வடக்கே ஏறி ஐரோப்பாவை அடைந்தன. யார் முதலில் வருவார் என்று பத்திரிகைகள் எழுத, அதற்குத் தானியப் பந்தயம் என்ற பெயர் நிலைத்தது. முறையான விதியோ பரிசோ கொண்ட பந்தயம் அன்று அது. 1933-ல் பார்மா என்ற கப்பல் 83 நாளில் போர்ட் விக்டோரியாவிலிருந்து ஃபால்மத் வந்தது இவ்வழியின் மிக விரைவான பயணங்களுள் ஒன்று. அதன் தலைவர் ரூபன் த க்ளூ ஓலந்துக்காரர். எழுத்தாளரும் மாலுமியுமான ஆலன் வில்லியர்சு உள்ளிட்டோருடன் பங்கு சேர்ந்து அந்தக் கப்பலை அவர் வாங்கியிருந்தார். விறகுத் தோணிக் காலத்துப் பங்குமுறை உலகைச் சுற்றும் எஃகுக் கப்பலிலும் உயிரோடிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பொம்மெர்ன் 1930-லும் 1937-லும் முதலாவதாக வந்தது. இரண்டாம் முறை அதற்கு 94 நாள் பிடித்தது.

பொம்மெர்ன் 1903-ல் கிளாஸ்கோவில் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டது. பின்னர் ஹாம்பர்க்கின் புகழ்பெற்ற லைசு நிறுவனத்திடம் இருந்து, 1923-ல் எரிக்சனிடம் வந்தது. எஃகு உடல், நீளம் ஏறத்தாழ 95 மீட்டர், இயந்திரம் எதுவும் இல்லை. கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பெரிய பாய்க்கப்பல்களில் பாய்மரத்தின் உச்சியில் வழக்கமாக இருக்கும் மிகச் சிறிய மேற்பாய் இதில் கிடையாது. கட்டும்போதே அதை விட்டுவிட்டு, கீழ்ப்பருமல்களை அகலமாக்கினர்; இதனால் உச்சி ஏற வேண்டிய வேலையும், அதற்கு வேண்டிய ஆளும் மிச்சமாயின. தளத்தில் நிற்கும் கையால் சுழற்றும் கயிற்று உருளைப் பொறிகளும் இதே நோக்கம் கொண்டவை. பருமல்களைக் காற்றின் திசைக்கேற்பத் திருப்பப் பழைய கப்பல்களில் பெரிய கூட்டமே கயிறிழுக்க வேண்டியிருந்தது. இப்பொறி இருந்தால் சிலர் போதும். கூம்பு வடிவ உருளைகளில் ஒரு பக்கத்துக் கயிறு சுற்றிக்கொள்ள மறு பக்கத்துக் கயிறு அதே அளவில் அவிழும். 3,000 சதுர மீட்டருக்கும் மிகுந்த பாய்ப்பரப்பை முப்பதுக்கும் குறைந்த ஆட்கள் கையாள முடிந்ததற்கு இவையே காரணம். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். சிலர் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்கள். பயிற்சி மாலுமிகளாக வந்தவர்களின் பெற்றோர் பிள்ளைக்கு வேலை கொடுத்ததற்காக எரிக்சனுக்குப் பணம் கட்டினர். ஆள்கூலியிலும் மிச்சம் பிடித்த இந்த ஏற்பாட்டைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. பாய்மரத்திலிருந்து விழுந்தும் அலையால் அடித்துச் செல்லப்பட்டும் இறந்தவர்களுள் இந்தச் சிறுவர்களும் உண்டு.

அருங்காட்சியகக் கட்டடத்துக்குள் உள்ள பொருள்களுள் ஹெர்ட்சோகின் செசிலியே கப்பலின் தலைவர் அறை தனித்து நிற்கிறது. 1902-ல் ஜெர்மனியில் பயிற்சிக் கப்பலாகக் கட்டப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டு, 1921-ல் எரிக்சனிடம் வந்த இக்கப்பல் அவருடைய கூட்டத்தின் முதன்மைக் கலமாயிருந்தது. 1936 ஏப்ரலில், கோதுமையோடு ஃபால்மத்தைத் தொட்டுப் புறப்பட்ட கப்பல் இங்கிலாந்தின் டெவன் கரையில் சால்கம் அருகே பாறையில் மோதியது. உள்ளே புகுந்த கடல்நீரில் கோதுமை ஊறிப் பருத்துப் புளித்தது. மீண்டும் மிதக்க வைத்து அருகிலிருந்த குடாவுக்கு இழுத்துச் சென்றும் பயனின்றிக் கப்பல் அங்கே உடைந்தது. உடையுமுன் கழற்றி எடுக்கப்பட்ட தலைவர் அறையின் மரவேலைப்பாடுகளே இன்று மரியஹாம்னில் பொருத்தி வைக்கப்பட்டுள்ளன. உழைப்பும் ஈரமுமான மாலுமிக் குடியிருப்பைப் பொம்மெர்னில் பார்த்துவிட்டு, மெருகேற்றிய மரச்சுவரும் மெத்தை இருக்கையும் கொண்ட இந்த அறைக்கு வருபவர், ஒரே கப்பலில் எத்தனை படிநிலைகள் இருந்தன என்பதை விளக்கப் பலகை இல்லாமலே புரிந்துகொள்வார். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கடற்கொள்ளையர் கொடி ஒன்றும் இங்கே உள்ளது; சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள், ஆனால் ஓலந்தின் வாழ்வோடு அதற்குப் பெரிய தொடர்பு இல்லை.

கடலுக்குப் போனவர்களின் வீடுகளைப் பற்றியும் பேசாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. ஆண்கள் ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் அதற்கும் மேலாகத் திரும்பாதபோது உழவையும் மாட்டையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். கப்பல் பங்குகளில் விதவைகளின் பெயர்களும் இருந்தன. வார்தோ தீவில் பிறந்து நியூயார்க்கில் வீட்டு வேலை செய்துவந்த சாலி சால்மினன், 1936-ல் வெளியான ‘கத்ரீனா’ நாவலில், ஓலந்துக்கு மணமாகி வந்த ஏழைப் பெண்ணின் கண்ணால் இந்த உலகைக் காட்டினார். அதில் கப்பல் முதலாளிகளான பெரிய உழவர்கள் வீரர்களாக அன்றி, கூலி குறைப்பவர்களாகவும் அதிகாரம் செய்பவர்களாகவும் வருகிறார்கள். நாவல் பல மொழிகளில் புகழ்பெற்றபோது தீவில் பலர் சினந்தனர். எரிக்சனின் கடிதங்களையும் சால்மினனின் நாவலையும் சேர்த்துப் படிப்பவருக்கே பங்குமுறை யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பது விளங்கும்.

இரண்டாம் உலகப் போரோடு முடிவு விரைவாக வந்தது. 1939 செப்டம்பரில் எரிக்சனின் ஆலிவ்பேங்க் கப்பல் வட கடலில் கண்ணிவெடியில் மோதி மூழ்க, 14 பேர் இறந்தனர். 1940-ல் அவருடைய பெனாங் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு எல்லாரோடும் மறைந்தது. வேறு பல கப்பல்கள் அயல் துறைமுகங்களில் கைப்பற்றப்பட்டன. எரிக்சன் 1947-ல் இறந்தார். 1949-ல் அவர் கூட்டத்தின் பமீரும் பசாத்தும் கடைசியாகக் கோதுமை ஏற்றிக் கேப் ஹார்னைச் சுற்றின. மிஞ்சியவற்றுள் மொஷூலு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உணவகமாகவும், வைக்கிங் சுவீடனின் கோதன்பர்கில் விடுதியாகவும் மாறின. பமீர் 1957-ல் புயலில் சிக்கி 80 பேருடன் மூழ்கியது.

பொம்மெர்ன் போருக்குப் பின் சரக்குப் பயணம் போகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் எரிக்சனின் வாரிசுகள் அதை மரியஹாம்ன் நகருக்கு நன்கொடையாக அளித்தனர். விற்று உணவகமாக்கும் எண்ணமோ, இயந்திரம் பொருத்திப் பயிற்சிக்கு அனுப்பும் எண்ணமோ நிறைவேறாமல் போனதால்தான், சரக்குக் கப்பலாகவே மாறாது நிற்கும் நான்கு பாய்மரக் கப்பல் என்ற தனிச்சிறப்பு அதற்குக் கிடைத்தது. ஆனாலும் எஃகு கடல்நீரில் நிற்க நிற்கத் துருப்பிடிக்கும். அடிப்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கப்பலை இழுத்துச் சென்று நீரற்ற துறையில் ஏற்ற வேண்டியிருந்தது. 2019-ல் முடிக்கப்பட்ட புதிய துறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. நீரை வெளியேற்றிக் கப்பல் நிற்கும் இடத்திலேயே பழுதுபார்க்கலாம். 30,000 பேர் கொண்ட சமூகம் இதற்குப் பொதுப்பணத்தைச் செலவிட்டது பாராட்டுக்குரியது. எரிக்சனும் அந்தக் கணக்கை ஏற்றிருப்பார், ஏனெனில் ஒவ்வொரு முறை இழுத்துச் செல்லும் செலவு அதில் மிச்சமாகிறது.

கடலோட்டம் தீவுகளை விட்டுப் போய்விடவில்லை. 1959-ல் தொடங்கிய வைக்கிங் லைன் பயணிக் கப்பல்கள் இன்றும் அருங்காட்சியகத்துக்கு அருகே உள்ள துறையைத் தொட்டுச் செல்கின்றன. 1995-ல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஓலந்து அதன் வரி எல்லைக்கு வெளியே நிற்க ஏற்பாடு செய்துகொண்டதால், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே ஓடும் கப்பல்கள் வரியில்லா விற்பனைக்காக இங்கே நின்று போவது லாபமாக இருக்கிறது. நகரின் கிழக்குத் துறைமுகத்தில் உள்ள கடல்சார் குடியிருப்பில் மரப்படகுத் தச்சர்களும் கொல்லர்களும் வேலை செய்கிறார்கள். உழவர் கடலோட்டக் காலத்துக் கலம் ஒன்றின் மாதிரியில் 1980-களில் கட்டப்பட்ட அல்பானுஸ் அங்கிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்கிடையே ஓடுகிறது. மேற்குத் துறைமுகத்தின் எஃகுக் கப்பலைப் பார்க்க வருபவர்களில் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். அருங்காட்சியகம் தன் வழிகாட்டிப் பயணங்களில் இரண்டு துறைமுகங்களையும் இணைத்து, மீன்தொட்டித் தோணியில் தொடங்கிப் பொம்மெர்னில் முடியும்படி அமைக்குமானால், கோதுமைக் கப்பல்களின் முதலீடு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்வையாளர் தம் காலால் நடந்தே தெரிந்துகொள்வார்.